நாற்பது யானையும் ஒலிக்காத மணியும்

ஜனவரி 19, திங்கள்

கடைக்கு இன்று உடைந்த மூக்குக்கண்ணாடிகள் ஊர்வலமாக வந்தன. ஒருவர் தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். “எப்படிங்க போய் உட்கார்ந்தீங்க?” என்றேன். “கண்ணாடி இல்லாம எங்க உட்காரறோம்னு எப்படிங்க தெரியும்?” என்றார். முப்பது வருடமாகக் கடுகளவு திருகாணிகளை முடுக்கி உலகத்தின் பார்வையை நேராக்கி வரும் நான், அந்த வாதத்துக்குத் தலைவணங்கித் திருப்புளியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “மணி மறுபடி அடிக்கலடா. கூரியர்க்காரர் அழுத்திப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாராம். ஊருக்கெல்லாம் திருகாணி முடுக்கற, உன் வீட்டு மணியை முடுக்க மாட்டியா?”

அண்ட சராசரங்களைக் கட்டி ஆளும் நமக்கு அழைப்பு மணி எந்த இலாகாவில் வருகிறது என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். ராத்திரி சாப்பாடும் அதே இலாகாவிலிருந்து வரும் என்றாள்.

ஜனவரி 26

பேரதிர்ச்சி. உட்கார்ந்து எழுத முடியவில்லை, நின்றுகொண்டு எழுதுகிறேன். (நாற்காலி முழுக்க அக்கா மடித்து வைத்த துணி என்பது வேறு விஷயம்.)

அக்கா மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரார் ரத்தத்தில் என்ன குறை என்று தீர்ப்பு எழுதி எழுதி, வீட்டிலும் அதே வேலையாகிவிட்டதால் அவளுக்கு நான் வைத்த பெயர் நீதிபதி. போன வாரம் சாப்பிடும்போது, நான் இளமையில் எழுதிய ஒரு கவிதையைக் கேட்டு நடுக்கடலில் ஒரு கப்பல் திரும்பி நின்றது என்று தன்னடக்கத்தோடு குறிப்பிட்டேன். நீதிபதி மறுக்காமல் எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இன்று ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். வருடம்தோறும் பிப்ரவரியில் நடக்கும் கவிதை அஞ்சலட்டைப் பரிமாற்றமாம். இருபத்தொன்பது பேர். எல்லோருடைய முகவரியும் வரிசையாக இருக்கிறது. நாளொன்றுக்கு ஓர் அட்டை, அடுத்த எண்ணுக்கு. நேராக அட்டையிலேயே எழுத வேண்டும். ஒத்திகை கிடையாது, அடித்தல் திருத்தல் கிடையாது, அன்றே தபாலில் போட வேண்டும். பதில் எதிர்பார்க்கக் கூடாது. எண் மூன்றில் நம் வீட்டு முகவரி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பேரரசர்’ என்று போட்டிருக்கிறாள்!

“என்னைக் கேட்டியா?”

“கேட்டா நீங்க மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க மாமா. கப்பலே திரும்புச்சுன்னா அஞ்சலட்டை என்ன, சின்ன விஷயம்தானே?”

அக்கா சிரித்த சிரிப்பில் கூரையில் இரண்டு ஓடு நகர்ந்தது. வருடத்திலேயே குட்டை மாதத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் நீடூழி வாழ்க.

பிப்ரவரி 1

எண் நான்குக்கு முதல் அட்டை போய்விட்டது. கடைக்கு வரும் கண்கள் அனைத்தும் நம்மைக் காணவே பிறந்தவை என்ற பொருளில் ஆறு வரி. ஆறாவது வரி அட்டையில் இடமில்லாமல் தபால்தலையைச் சுற்றி வளைந்து போனது. அதுவும் ஓர் அழகுதான்.

பிப்ரவரி 3

நமக்கும் அட்டைகள் வருகின்றன. நம்மைப் போலவே எல்லோரும் அளந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். எண் இரண்டு எழுதியிருப்பது இவ்வளவுதான்:

*இன்று மழை.*
*வீட்டில் குடை இரண்டு இருக்கிறது.*
*ஒன்றைத்தான் எடுத்தேன்.*

அஞ்சலட்டை என்பது உறை போடாத சமாச்சாரம். எனக்கு முன்னால் அக்கா படித்துவிட்டாள், அவளுக்கு முன்னால் தபால்காரர் படித்திருப்பார். “பாவம்டா, யாரோ,” என்றாள் அக்கா. இப்படியா நடுத்தெருவில் உண்மையைப் போட்டு உடைப்பார்கள்? வெட்கமில்லையா? — கடையில் இன்று ஒரே கண்ணாடியை மூன்று தரம் துடைத்தேன்.

பிப்ரவரி 4

எண் ஏழு. முகவரி மட்டும்தான், பெயர் இல்லை: ரொட்டிக் கடைக்கு மேல், பின்பக்கப் படி. எழுத ஒன்றும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா கீழேயிருந்து, “மணியை எப்போடா சரி பண்ணுவ? மணீஈஈ!” என்று கத்தினாள். நம் பேரரசில் எதுவும் வீணாவதில்லை. அதையே எழுதினேன்:

*நாற்பது யானையோடு வந்தேன்*
*உங்கள் வாசலுக்கு.*
*மணியை அழுத்தினேன். ஒலிக்கவில்லை.*
*மரியாதை தெரிந்த யானைகள் —*
*கதவைத் தட்டாமல்*
*திரும்பிப் போய்விட்டன.*

படித்துக் காட்டினேன். “நாற்பது யானை அந்தப் பின்பக்கப் படியில எப்படி ஏறுச்சு?” என்றாள் நீதிபதி. வரிசையாகத்தான்.

பிப்ரவரி 5

எண் எட்டுக்குச் சிங்கம் அனுப்பினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

என்ன செய்வதென்று தெரியவில்லை.

மத்தியானம் அட்டை வந்தது. கவிதை இல்லை. பேனா அழுந்தி அழுந்தி, பின்பக்கம் தடவினால் எழுத்து கையில் தட்டுப்படுகிறது. எண் ஏழிலிருந்து.

‘ஐயா, வந்தது யார்? மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டது நான். ஆறு வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. கீழே ரொட்டிக் கடையில் இருப்பவர்கள் குரல் கொடுத்துத்தான் கூப்பிடுவார்கள், மணியைத் தொட மாட்டார்கள். அது ஒலிக்காது என்று தெரிய வேண்டுமானால் யாராவது வந்து அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டுத் தட்டாமல் திரும்பிப் போயிருக்க வேண்டும். என் மகன் உங்களுக்குப் பழக்கமா? அவன் உங்களிடம் சொன்னானா? அவன் வந்தானா?’

அவ்வளவுதான்.

யானைம்மா அது. வெறும் யானை. சும்மா எழுதினேன். நாற்பது யானை என்று போட்டும் ஒருத்தர் நம்புவாங்களா?

நம்பியிருக்கிறார். இந்த வீட்டில் நான் மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 10

நீதிபதி தீர்ப்பு சொல்லிவிட்டாள். “பொய்னு எழுதிப் போடுங்க. இன்னைக்கே. ஒரு நாள் தள்ளிப் போனா ஒரு நாள் அதிகமா நம்புவாங்க.”

அதிர்ச்சி அது அல்ல. அக்காதான் அதிர்ச்சி. நான் பேச ஆரம்பித்த வயசிலிருந்து, ‘புளுகாதே’ என்று தலையில் குட்டி வளர்த்தவள், அடுப்பைத் தணித்துவிட்டு வந்து மெதுவாகச் சொல்கிறாள்: “வந்தான்னு எழுதிடேன்டா.”

“அக்கா!”

“இத்தனை வருஷம் பிரயோஜனமில்லாம புளுகின. ஒரு தரம் பிரயோஜனமா புளுகேன். அந்தம்மா நிம்மதியா தூங்கட்டும்.”

“அப்புறம் அந்தப் பையன் நான் வரவே இல்லைன்னு சொன்னா?” என்றாள் நீதிபதி.

“சொல்றதுக்காவது வருவான் இல்ல?”

தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நடுவில் நான் சாப்பிட்டேன் — சாப்பிட்டேன் என்று பெயர்.

பிப்ரவரி 11

இன்னொரு அட்டை. நேற்று போட்டிருக்கிறார், முதல் அட்டைக்குப் பதில் வர நேரம்கூடக் கொடுக்காமல்.

‘யார் சொன்னது என்று வேண்டாம். எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை போட்ட புதிதில் வந்திருந்தான் என்றால், பிறகு மனசு விட்டுப்போயிருக்கும். அவனைத் தொந்தரவு செய்ய மாட்டேன். இந்த வருடம் என்றால் நான் போய்ப் பார்க்கிறேன். அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.’

என் ஒரு வார்த்தைக்கு ஒரு மனுஷி புறப்படுவாள், இல்லையென்றால் இருந்துவிடுவாள். இதுவரை என் ஒரு வார்த்தைக்கு யாரும் ஜன்னலைக்கூடச் சாத்தியது கிடையாது.

பிப்ரவரி 12

எழுதினேன். ‘போன மாதம்.’ இரண்டே வார்த்தை. கை நடுங்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கடைக்குப் போகும் வழியில் தபால் பெட்டி. அட்டையைப் பாதி உள்ளே விட்டேன். போன மாதம் அவன் ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால்? வெளியூரில் இருந்திருந்தால்? இவர் போய் அவன் எதிரே நின்று, “வந்துட்டு ஏன்டா தட்டாம போன?” என்று கேட்க, அவன் முழிக்க — அந்த முழியை இவர் பார்க்க — அதற்கப்புறம்?

பின்னால் ஒரு பெண்மணி, “போடறீங்களா, இல்ல நான் போடட்டுமா?” என்றார். அட்டையை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

பிப்ரவரி 13

எண் பதினாறுக்கு இன்று கவிதை போகவில்லை. அட்டையை வெறித்துப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அட்டையில் சொல்லும் விஷயம் இல்லை இது, நேரில் போய்ச் சொல்கிறேன் என்றதும், நீதிபதி செருப்பை மாட்டினாள். இரண்டு பஸ் மாறி இறங்கினோம். கீழே ரொட்டிக் கடை. சுவரைத் தொட்டால் சூடாக இருந்தது. பின்பக்கம் இரும்புப் படி, ஒரு ஆள் அகலம். ஒரு யானைக் குட்டிகூட ஏற முடியாது.

மேலே நீலக் கதவு. பக்கத்தில் மணிப் பொத்தான், நிறம் மங்கி, ஓரத்தில் சிலந்தி நூலோடு. எல்லாம் தெரிந்தும் என் கை தானாகப் போய் அதை அழுத்தியது.

ஒலிக்கவில்லை.

உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. அவர் அங்கேதான் இருக்கிறார், நாலடி தூரத்தில். நான் வந்திருப்பது அவருக்குத் தெரியாது. கதவைத் தட்டக் கை வரவில்லை. நான் எழுதினது அப்படியே எனக்கு நடந்துகொண்டிருந்தது. எதற்கும் அசையாத நீதிபதி என் காதருகே, “திரும்பிப் போயிடலாமா மாமா?” என்றாள்.

தட்டினேன்.

திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, படியைப் பார்த்தார். அடுத்தது யார் ஏறி வருகிறார்கள் என்று. யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் என் முகத்துக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் யாருடைய சட்டையோ, காலர் பிரித்தபடி. கிழிந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுப்பது அவர் தொழில்.

“யானைக்காரருங்களா?”

“ஆமாங்க.”

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றுகொண்டே சொன்னேன். “உங்க மகனை எனக்குத் தெரியாதுங்க. யாரும் வந்ததா எனக்குத் தெரியாது. யானையும் பொய், மணியும் பொய். எங்க வீட்டு மணி ரிப்பேர். எங்க அக்கா கத்தினாங்க. அதை எழுதினேன். அவ்வளவுதாங்க.”

என் வாழ்க்கையில் அலங்காரம் இல்லாமல் இத்தனை வாக்கியம் தொடர்ந்து பேசியதில்லை.

அவர் சட்டையை மடித்தார். திரும்பவும் பிரித்தார். “உங்க வீட்டு மணி,” என்றார்.

“ஆமாங்க.”

“ஒரு வாரமா நான் என்னென்ன நினைச்சேன் தெரியுமா உங்களுக்கு? வந்தப்போ என்ன சட்டை போட்டிருந்தான்னுகூட நினைச்சுட்டேன். போங்க. போயிடுங்க.”

நான் திரும்பினேன். நீதிபதி நகரவில்லை. “எங்க மாமா பொய்யர்தாங்க,” என்றாள். “ஆனா ‘வந்தான்’னு எழுதிப் போட்டிருக்கலாம். எழுதிட்டுப் போடாம வெச்சிருக்கார். சட்டைப் பையில இருக்கு.”

அவளுக்கு எப்படித் தெரிந்தது? சட்டை மாற்றியபோது அட்டையையும் பை மாற்றி வைத்ததைப் பார்த்திருப்பாள். உறையில்லாத அட்டை!

அந்த அம்மா கை நீட்டினார். கொடுத்தேன். ‘போன மாதம்’ என்பதை வெகுநேரம் படித்தார். பிறகு அவராகவே பேசினார். மகன் தனக்குப் பிடித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். இனிமேல் இந்தப் படி ஏறாதே என்று சொன்னது இவர்தான். சமாதானம் பேச அன்று சாயங்காலம் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து மணி அடித்தார்களாம். எரிச்சலில் ஸ்டூல் போட்டு ஏறி ஒயரைப் பிடுங்கினாராம். “மறுநாள் மாட்டிடலாம்னுதான் நினைச்சேன்,” என்றார்.

அப்புறம் கேட்டார்: “சரி, நீங்க சொன்னது பொய். ஆனா அவன் வந்திருக்கவே மாட்டான்னு சொல்ல முடியுமா உங்களால?”

எனக்கு அரண்மனை தெரியும், ஆயிரம் தேர் தெரியும், கப்பலைத் திருப்பத் தெரியும். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது.

“முடியாதுங்க.”

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். புது மணி. என் அட்டை கிடைத்த அன்றே வாங்கியிருக்கிறார். மாட்டத்தான் தைரியம் வரவில்லை.

மெயினை அணைத்தேன். ஸ்டூலில் ஏறினேன். பழைய ஒயர் நுனி, கறுப்பு டேப் சுற்றி, சுவரோரம் அழகாக மடித்து வைத்திருந்தது. பிடுங்கியவர் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார். என் பையில் எப்போதும் இருக்கும் மூக்குக்கண்ணாடித் திருப்புளியால், தொழில் சுத்தமாக, முடுக்கினேன். நீதிபதி வெளியே போய் அழுத்தினாள்.

அது மணி அல்ல. அலறல். தீயணைப்பு வண்டி வரவேற்பறைக்குள் புகுந்த மாதிரி. (இதில் ஒரு துளி மிகை கிடையாது.) ரொட்டிக் கடையிலிருந்து மாவுக் கையோடு மூன்று பேர் படியேறி ஓடி வந்தார்கள். “என்னக்கா! என்ன ஆச்சு!” அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரித்தாரா, அழுதாரா என்று என் தொழில் அனுபவத்தில்கூடச் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் நீதிபதி என் தோளில் தலை சாய்த்துத் தூங்கினாள். பத்து வயசுக்கு அப்புறம் இப்போதுதான்.

பிப்ரவரி 16

நம் வீட்டு மணியைச் சரிசெய்தேன். அழுத்தினேன். அக்கா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, மயக்கம் போட நாற்காலி தேடினாள்.

பிப்ரவரி 28

கடைசி அட்டை போயிற்று. எண் ஏழிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. பதில் எதிர்பார்க்கக் கூடாது என்பது விதி. எதிர்பார்க்கவில்லை. தபால்காரர் இன்று இரண்டு நிமிஷம் தாமதம்.

ஜனவரி 21

ஒரு வருடம் ஓடிவிட்டது. மறுபடி பிப்ரவரி வரப்போகிறது. பரிமாற்றத்தை நடத்தும் தலைவி போன் செய்தார். குரலில் குழப்பம்.

“எண் ஏழு அம்மா ஒரு விஷயம் கேட்கறாங்க. இந்த வருஷம் பத்தொன்பதாம் எண் விலகிட்டார் இல்லையா, அந்த இடத்துல அவங்க மகனோட முகவரியைப் போடணுமாம். அவருக்கே சொல்லாம. விதியில இடமில்லையே. உங்களைக் கேட்கச் சொல்றாங்க.”

“அவங்களே மகனுக்கு எழுதலாமே?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘நான் எழுதினா கெஞ்சற மாதிரி ஆயிடும், இல்லேன்னா திட்டற மாதிரி ஆயிடும், நடுவுல எழுத எனக்கு வரலை. எல்லாரும் ஒவ்வொண்ணு எழுதட்டும், அதுல ஒண்ணா நானும் எழுதறேன். பதில் எதிர்பார்க்கக் கூடாதுன்னு உங்க விதி ஒண்ணு இருக்கே, அது எனக்குத் தோதா இருக்கு’ன்னாங்க.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “அம்மணி, இந்தப் பட்டியலில் என்னைச் சேர்த்தபோது என்னைக் கேட்டவர் யார்? கேட்காமல் சேர்க்கப்பட்டவர்களின் சங்கத்துக்கு நாம் நிரந்தரத் தலைவர். நம் சங்கத்தில் ஓர் உறுப்பினர் கூடுவதை நீங்கள் தடுக்க முடியாது.”

“அப்போ போட்டுடவா?”

“போடுங்கம்மா.”

பிப்ரவரி 16, செவ்வாய்

இன்று என் முறை பத்தொன்பதுக்கு. பட்டியலில் பெயர் இடத்தில் ‘மகன்’ என்று இருக்கிறது. அதற்குள் பலர் எழுதியிருப்பார்கள். ஏழாம் எண்ணும் எழுதியிருப்பார். என்ன எழுதினார் என்று தபால்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

காலையிலிருந்து யானை யானையாக வந்தது. தேர் வந்தது. கப்பல் ஒன்றுகூட வந்து நின்றது. எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிட்டு எழுதினேன்:

*உங்கள் அம்மா வீட்டு மணி*
*இப்போது ஒலிக்கிறது.*
*நானே மாட்டினேன்.*

நீதிபதி வாங்கிப் படித்தாள். “இது கவிதையா மாமா?” என்றாள். தெரியவில்லை என்றேன். அவளே கொண்டுபோய்த் தபாலில் போட்டாள்.

பிப்ரவரி 24

அட்டை ஒன்று. கையெழுத்து புதிது. விதியை மீறிய பதில். அக்கா படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

‘ஐயா, அந்த மணி ரொம்பச் சத்தம். குழந்தை பயந்து வீல் என்று அழுதுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் திருப்புளியோடு வந்து கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா? அம்மாவைக் கேட்டால் குறைக்கவே கூடாது என்கிறார்.’

திருப்புளியைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.